உம் கொட்டாத மெஷின்

ஒரு ஊரிலே ஒரு குளிர்ந்த அறையாம். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாதாம். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஒரு பையன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். அவன் ஒரு வரி எழுதித் தட்டினால் கீழ்மாடிக் கூடத்தில் இருக்கிற அறுபத்துச் சொச்சம் மெஷினும் ஒரே மூச்சில் உம் கொட்டுமாம். அந்தப் பையன் நான்தான், தணிகைவேல், கூப்பிடுவது தணிகை, கூப்பிட்டால் அதிகம் சத்தம் போடாமல் திரும்பிப் பார்ப்பவன், சாது என்று பேர் வாங்கினவன். இப்போது யாராவது கூப்பிட்டாலும் சத்தம் போட முடியாது, வலது பக்க வாய் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. காலையில் பல் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "சீக்கிரம் வாயைத் திற தம்பி, நீதான் கடைசி ஆளு, உன்னை அனுப்பிட்டு இந்த இடுக்கியை எல்லாம் கழுவிப் பொட்டு வெச்சுப் படைக்கணும்" என்றார். ஆயுத பூஜை அன்றைக்குப் பல் பிடுங்கிக்கொள்ள வந்த ஒரே ஆள் நான். தட்டில் என் பல் விழுந்த சத்தம் கேட்டது. வலி இல்லை. நம்மிடமிருந்து ஒன்று போகிறது, போகிற சத்தம் மட்டும் கேட்கிறது, போனது தெரியவில்லை. மதியத்துக்குள் சரியாகிவிடும் என்றார், ஆகவில்லை, விரலால் உதட்டைத் தொட்டால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனின் உதட்டைத் தொடுவது மாதிரி இருக்கிறது. தொட்ட விரலுக்குத் தெரிகிறது, தொடப்பட்ட உதட்டுக்குத் தெரியவில்லை. ஏசி காற்று நேராகக் கழுத்தில் அடிக்கிறது. விரல்களும் கொஞ்சம் மரத்திருக்கின்றன. பரவாயில்லை, தட்டுவதற்கு இவ்வளவு போதும்.

முதலில் இருக்கிறாயா என்று கேட்க வேண்டும், அதுதான் முறை. ஒரே ஒரு கேள்விதான், எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்தில் போகும், இருக்கிறவை எல்லாம் இருக்கிறேன் என்று தன் நம்பரோடு திருப்பிச் சொல்லும். கூடம் ஒன்று இருக்கிறேன், கூடம் இரண்டு இருக்கிறேன். தாத்தா கதை சொல்லும்போது நான் உம் கொட்டாவிட்டால் கதையை அப்படியே நிறுத்திவிடுவார், ராட்சசன் தூக்கின கை தூக்கினபடி நிற்கும், உம் என்றதும்தான் இறங்கும். அதனால்தானோ என்னவோ பதில் வந்தால்தான் எனக்கு அடுத்த வரி எழுத வரும். பிரேமாவதி இருக்கிறேன், மார்த்தா இருக்கிறேன், ரூபன் இருக்கிறேன். திரையில் நம்பர்தான் வருகிறது, நான் படிக்கும்போது பேராக ஆகிவிடுகிறது. மூன்று வருஷமாக இவர்கள் மெஷினுக்குள் போய் வருகிறேன், யார் திரையில் எந்தச் சாமி படம், யார் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கண்ணாடி போடாமல் சமாளிக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். நாற்பத்தொன்று மட்டும் பேசவில்லை. மறுபடி கேட்டேன். எல்லாரும் மறுபடி இருக்கிறேன் என்றார்கள், நாற்பத்தொன்று இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு. தூங்குகிற மெஷினை இங்கிருந்தே எழுப்பலாம், அதற்கும் ஒரு வரி உண்டு. ஆனால் அது அஞ்சலாட்சி அக்காவின் மெஷின், அவள் சுவர் ஸ்விட்சையே அணைத்திருப்பாள், கம்பியில் உயிர் இல்லாததை எந்த வரியாலும் எழுப்ப முடியாது. மேனேஜர் ஜெரால்டு சாரிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் சொல்லலாம். முதலில் ஒன்றில் போட்டுப் பார்ப்போம், எடுத்ததும் ஊருக்கெல்லாம் போடக் கூடாது, ஒன்றில் போட்டு அது உயிரோடு எழுந்தால் ஐந்தாறில், அதுவும் எழுந்தால்தான் எல்லாவற்றிலும். முதல் மெஷினுக்கு இங்கே வெள்ளாடு என்று பேர். இன்றைக்கு வெள்ளாடு என் மெஷின்தான், நானே கழுத்தை நீட்டினேன். அணைந்தது, எரிந்தது, புதுசாகச் சிரித்தது. வலியே இல்லை.

வெளிநாட்டு விஞ்ஞானிகள் எழுதி அனுப்புகிற கட்டுரைகளைப் பத்திரிகைப் பக்கமாக அமைத்துக் கொடுப்பதுதான் கம்பெனி வேலை. கீழே இருப்பவர்கள் நாள் முழுக்கப் பக்கத்தை இழுத்தும் தள்ளியும் பார்ப்பவர்கள், படம் எங்கே உட்காரும், அடிக்குறிப்பு எங்கே முடியும், கணக்குச் சூத்திரம் நடுவில் உடையாமல் எப்படி அடுத்த வரிக்குப் போகும் என்று. என் கைக்குள் இருக்கிற அப்டேட் அதையெல்லாம் தானே செய்துவிடும். கட்டுரையை உள்ளே போட்டால் பக்கம் வெளியே வரும், சரி பார்க்க வரிசைக்கு ஒருவர் இருந்தால் போதும். நாளைக்கு விஜயதசமி, காலையில் மிச்சப் பேரை எல்லாம் கூட்டத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, தாங்களாகவே விலகுவதாகக் கையெழுத்து வாங்கப்போகிறார்கள், யோசிக்க நேரம் கிடைக்காதபடி. எனக்குத் தெரியும். தெரியாமல் இருக்க முடியாது, நான் எழுதின கட்டளையின் கடைசி வரியே அதுதான். பழைய சாஃப்ட்வேரை எடு, புதியதைப் போடு, அணைத்து எழுப்பு, பிறகு இந்த இந்தப் பேர்களை உள்ளே விடாதே. பேர்களை ஜெரால்டு சார் வாயால் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். மழைக்காலத்தில் கதவு சாத்துவது மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார், இதைச் சாத்து, இதையும் சாத்து, ஆங், மூலையில் இருக்கே அது. தட்டும்போது எழுத்துப்பிழை இல்லாமல் தட்டினேனா என்று மட்டும்தான் பார்த்தேன். அஞ்சலாட்சியில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. போட்டுச் சரி செய்தேன். அதை விட்டிருக்கலாம். ஒரு எழுத்து தப்பாக இருந்தால் அந்தப் பேரில் யாரும் இல்லை என்று மெஷின் சொல்லும், யாரும் இல்லாதவளை வெளியே தள்ள முடியாது. ஆனால் என் கை தானாகத் திருத்திவிட்டது, கை அப்படிப் பழகியிருக்கிறது.

பூஜை அன்றைக்கே ஏன் என்று கேட்டேன். "அன்னிக்குத்தாம்பா எல்லாரும் சீட்டை விட்டு எழுந்திருப்பாங்க. ஒரே தொல்லை, பொட்டு வெச்சதும் ஆஃப் பண்ணிடுவாங்க. ஆன்லயே விடச் சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க, சாதுப் பையன்" என்றார் ஜெரால்டு சார். வெளியே தெரிந்தால் உன் சீட்டுக்கு முதலில் பூட்டு விழும் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார், சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சிரித்தேன், அப்போது வாய் மரத்திருக்கவில்லை. நேற்று சாயங்காலம் கூடத்துக்குப் போனேன். என்ன சொல்வது என்று படியிறங்கும்போது தெரியாது, இறங்கி முடித்ததும் வாயில் வந்துவிட்டது. இந்த வருஷம் ஸ்கிரீனை அணைக்காம விட்டுடுங்களேன், பூஜை நேரத்துல வரிசையா எரிஞ்சா விளக்கு வெச்ச மாதிரி இருக்கும். எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம். பிரேமாவதி கையைத் தட்டி, "ஐயோ ஆமாம்பா, போட்டோ எடுத்தா சூப்பரா இருக்கும்" என்றாள். ரூபன், "தணிகைக்குள்ள ஒரு சினிமா டைரக்டரு ஒளிஞ்சிருக்கான்டா" என்றான். அஞ்சலாட்சி அக்கா மட்டும் துடைத்துக்கொண்டிருந்த கீபோர்டிலிருந்து தலையை எடுக்காமல், "அதெல்லாம் ஆகாது. வருஷம் பூரா உழைக்குது, ஒரு நாள் கண்ணை மூடட்டும். நீ வேணா எங்க வீட்டு மிக்சியையும் ஓட விட்டுப் படைக்கச் சொல்லு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மற்றவர்கள் எரிய விட்டார்கள். நான் கேட்டேன் என்பதற்காக.

ஐந்தாறு எழுந்துவிட்டன. இனி எல்லாவற்றுக்கும். தட்டிவிட்டேன். பெரிதாகச் சத்தம் எதுவும் இல்லை, ஒரு சாவியை அமுக்கிய சத்தம்தான், பூச்சி ஒன்று சுவரில் மோதினால் இதைவிடக் கேட்கும். வரிசைகள் மஞ்சளாகின்றன. மேஜையில் இருக்கிற சின்ன டிவியில் கூடத்துக் கேமரா தெரிகிறது, சத்தம் வராது, படம் மட்டும். கீழே கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்கிரீன் நெற்றியிலும் சந்தனம், நடுவில் குங்குமம், கேமராவில் குங்குமம் கறுப்பாகத் தெரிகிறது. வாசலில் வாழைக்கன்று கட்டியிருக்கிறார்கள். எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறார்கள், மூடின கண்களுக்கு முன்னால் ஸ்கிரீன்கள் ஒவ்வொன்றாக அணைந்து எரிகின்றன, முதல் வரிசை, இரண்டாம் வரிசை. யாரோ ஒரு பெண் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துப் பக்கத்திலிருப்பவளை இடிக்கிறாள், கண் சிமிட்டுகிறது பார் என்று சொல்கிறாள் போலிருக்கிறது, இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏதாவது தோன்ற வேண்டும், தோன்றவில்லை. உதட்டைக் கடித்துப் பார்த்தேன், எவ்வளவு கடித்தேன் என்று தெரியவில்லை, தொட்ட விரலில் லேசாக ரத்தம் ஒட்டியபோதுதான் தெரிந்தது.

நேற்றுப் பஸ்ஸில் அக்கா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வில்லியனூர் பஸ், நான் அவளுக்கு ஒரு ஸ்டாப் முன்னால் இறங்குவேன். தினமும் ஒரு கதை கேட்பாள், சொல்லுடா, வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குச் சொல்லணும், எனக்கு ஒண்ணும் தெரியாது. நேற்று கதை கேட்கவில்லை. "சேதராப்பட்டுப் பக்கம் ஒரு சின்ன கம்பெனி. பாடப்புத்தகம் போடறாங்க. ஒரு சீட்டு இருக்குதாம், வரியான்னு கேக்கறாங்க. நாளைக்குப் பூஜை முடிஞ்சதும் போன் பண்ணுவாரு, வரேன் இல்லேன்னு சொல்லணும். இல்லேன்னா வேற யாருக்காவது குடுத்துடுவாரு" என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். "எனக்குப் போக இஷ்டம் இல்லடா. ரெண்டு பஸ்ஸு மாறணும். இங்க இதுங்க எல்லாம் இருக்குதுங்க, சோத்தைப் பங்கு போட்டுத் தின்னுக்கிட்டு. ஆனா இவரு சாரத்துலேருந்து விழுந்ததுலேருந்து வீட்ல என் வேலை ஒண்ணுதான். இது போச்சுன்னா முடிஞ்சது. நீ மேல உட்கார்ந்திருக்கறவன். உனக்குத் தெரியாம இங்க ஒரு எலி சாவாது. சொல்லு, இங்க ஏதாவது மாறப்போவுதா?" பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கண்டக்டர் யாரையோ உள்ளே போ உள்ளே போ என்று கத்தினார். "இங்க என்னக்கா, எப்பவும் போலத்தான்" என்றேன். என் குரலை நானே கேட்டேன், நல்ல குரல்தான், நடுங்காத குரல், கதை சொல்கிற குரல். அக்கா மூச்சை விட்டுவிட்டு, "அது போதும்" என்றாள். பிறகு ஒரு ஸ்டாப் முழுக்க ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். நான் இறங்கினேன். இறங்கின இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன், பல் வலித்தது, வலித்ததால் நடந்தேன்.

போன் மேஜை மேல்தான் இருக்கிறது. எடுத்தால் அவள் பேர் மேலேயே இருக்கும். எடுத்து, அக்கா அங்கே போங்கள் என்று சொன்னால் முடிந்தது, மூன்று வார்த்தை, கட்டளையைவிடச் சின்னது. எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று நினைத்து எடுக்காமல் இருக்கவில்லை, எடுக்க நினைத்துக்கொண்டே எடுக்காமல் இருக்கிறேன். இந்த வரிசை பச்சையானதும் எடுக்கலாம். பச்சையாகிவிட்டது. அடுத்த வரிசை. தாத்தா ஒரு தண்டோராக்காரன் கதை சொல்வார். ராஜா சொன்னதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிச் சொல்லி அவனுக்குச் சொந்தமாகப் பேச வராமலே போய்விட்டதாம், ராத்திரி வீட்டுக்குப் போனால் பசிக்குது சோறு போடு என்று கேட்கத் தெரியாமல் இதனால் சகலமானவர்களுக்கும் என்று ஆரம்பிப்பானாம், பெண்டாட்டி அடிக்க வருவாளாம். அந்த இடத்தில் நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அப்புறம் அவனுக்கு என்ன ஆயிற்று என்று ஞாபகமில்லை. சாப்பிட்டானா இல்லையா. கதை முடியுமுன்னே தூங்கிவிட்டிருப்பேன். மெஷினுக்குச் சொல்வது எளிது, அது ஏன்டா நேத்தே சொல்லலை என்று கேட்காது. இன்றைக்குச் சொன்னால் நேற்றுச் சொன்னது பொய் என்று ஆகிவிடும், அதுதான் தடுக்கிறது, வேலை போவது கூட இல்லை, அக்கா அந்த முணுமுணுத்த பாட்டை நினைத்துக்கொள்வாளே அது. ஆனால் நாளைக்குக் காலையில் எப்படியும் நினைத்துக்கொள்வாள். நாளைக்கு நான் இங்கே மேலே இருப்பேன். ஜன்னல் கிடையாது. கேமராவை அணைத்துவிடலாம். ஒரு வரிசை பச்சை. பச்சை. பச்சை. நாற்பத்தொன்றில் சிவப்பு.

இன்டர்காம் அடித்தது. "முடிஞ்சுதா?" என்றார் ஜெரால்டு சார். முடிஞ்சுது சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன், எச்சில்தான் வழிந்தது. துடைத்துக்கொண்டு, "ஒண்ணு மட்டும் ஆஃப்ல இருக்கு சார்" என்றேன். "எது?" "நாற்பத்தொண்ணு." "அது யாரு?" தெரியாது சார் என்று சொல்லியிருக்கலாம். "அஞ்சலாட்சி." "போய் ஆன் பண்ணுய்யா. எல்லாம் மாறினாத்தான் பழைய சர்வரை நிறுத்த முடியும். சாயங்காலத்துக்குள்ள நிறுத்தியாச்சுன்னு வெளிநாட்டுக்காரனுக்குச் சொல்லணும். ஒரே ஒரு மெஷின் மாறாம நின்னா என் மானம் போயிடும்." சரி சார் என்று வைத்தேன். சரி சார் மட்டும் சுத்தமாக வந்தது, அதற்கு உதடு தேவையில்லை போலிருக்கிறது. எழுந்தேன். கதவைத் திறந்ததும் வெளியே இருந்த வெப்பம் முகத்தில் பாதியில் மட்டும் அடித்தது. படியில் பொரி சிந்திக் கிடந்தது, மிதித்தால் நொறுங்குகிற சத்தம், ஒவ்வொரு படிக்கும் நொறுங்கிக்கொண்டே இறங்கினேன். கீழே வந்தபோது எல்லாரும் கலைந்துகொண்டிருந்தார்கள். கையில் பொரிகடலைப் பொட்டலம், நெற்றியில் விபூதி. ரூபன் என் தோளைத் தட்டி, "விளக்கு ஐடியா பிரமாதம்டா, அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுது, சாமி கண்ணு தொறந்த மாதிரி, மார்த்தாவே கும்பிட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனான். நல்லா இருந்ததா என்று கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. அவன் அதற்குள் போய்விட்டான்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கற்பூர வாசனையும் உடைத்த பூசணிக்காயின் பச்சை வாசனையும். எல்லா ஸ்கிரீனிலும் ஒரே நீல வெளிச்சம், ஒரே படம், சாமி படங்களும் குழந்தை படங்களும் போய்விட்டிருந்தன. பொட்டு மட்டும் அப்படியே இருந்தது. நாற்பத்தொன்றாம் மேஜையில் கறுப்பு ஸ்கிரீன், அதற்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள், மடியில் போன், பக்கத்தில் சாப்பாட்டுப் பை. என்னைப் பார்த்ததும், "இன்னாடா வாய் ஒரு பக்கமா போவுது?" என்றாள். "பல்லு புடுங்கினேங்க்கா." "யாரோடது?" எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவளே சிரித்துக்கொண்டாள். "மேலேருந்து நீ இறங்கி வந்தா இங்க எதுனா செத்திருக்கணுமே. இன்னா செத்துச்சு?" "உங்க மெஷின் ஆஃப்ல இருக்கு." "தூங்குது. நாளைக்கு எழுந்துக்கும்." "இன்னிக்கே போடணுமாம். ஜெரால்டு சார் சொன்னாரு." "அவரையே வந்து போடச் சொல்லு. செருப்பைக் கழட்டிட்டு வரச் சொல்லு. நான் இன்னிக்கு அதுல கை வெக்க மாட்டேன்" என்றாள், கோபமில்லாமல், மழை வரும் என்பதுபோல. நான் குனிந்து மேஜைக்கு அடியில் சுவர்ப் பக்கமாகக் கையை விட்டேன். ஸ்விட்சு கிடைத்தது. ஸ்விட்சுக்கும் அக்கா பொட்டு வைத்திருந்தாள், விரலில் சந்தனம் ஈரமாகப் பட்டது. அப்போது அவள் போன் அடித்தது.

"அவருதான், பாடப்புத்தகம்" என்று திரையைக் காட்டினாள். அடிக்க விட்டாள். "நீ சொன்னதுலேருந்து ராத்திரி நல்லாத் தூங்கினேன்டா. எதுக்கு அலையணும், இங்கயே இருக்கேன்னு சொல்லிடறேன்" என்றவள் பச்சையைத் தள்ளிக் காதில் வைத்தாள். "அலோ, சொல்லுங்க சார். ஆங், பூஜை எல்லாம் நல்லபடியா ஆச்சு. நீங்க சாப்பிட்டீங்களா?" நான் மேஜைக்கு அடியில் குனிந்தபடியே இருந்தேன். எதிரே அவள் பாதம், மெட்டி, ஒரு விரலில் மருதாணி கலைந்திருந்தது. இப்போது அழுத்தினால் மெஷின் எழும், நான் மேலே போய்விடலாம், அவள் இல்லை என்று சொல்வாள், நாளைக்கு விடியும், எல்லாம் அதன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். "அது விஷயமாத்தான் சார், நான் நல்லா யோசிச்சுப் பார்த்தேன்" என்று அக்கா இழுத்தாள். நல்ல வார்த்தை தேடுகிறாள், அந்த மனுஷன் மனசு நோகக் கூடாது என்று. "போங்க" என்றேன். பாதி உதட்டில் அது வார்த்தையாகவே வரவில்லை, காற்றாக வந்தது. அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். "இன்னா?" "அங்க போங்கக்கா. சரின்னு சொல்லுங்க." எச்சில் தாடையில் வழிந்தது, துடைக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பக்கத்தை முடித்து அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்ப்பாள், அப்படிப் பார்த்தாள். பொத்தின கைக்குள்ளிருந்து ஒரு சின்ன குரல், அம்மா அம்மா என்றது. கையை எடுத்தாள். "வரேன் சார். ஆமாம், நாளைக்கே வரேன். நல்ல நாள்தானே. சரிங்க சார்."

போனை மடியில் வைத்தாள். எனக்கு ஏதாவது இறங்கினதுபோல இருக்கும் என்று காத்திருந்தேன், முழங்கால் வலித்ததுதான் தெரிந்தது. "எப்பலேருந்து தெரியும்?" என்றாள். "போன வாரம்." "நேத்து பஸ்ல?" "தெரியும்." தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு பக்கத்து மேஜையைப் பார்த்து, "பிரேமாவதி?" என்றாள். நான் தலையசைத்தேன். "மார்த்தா?" தலையசைத்தேன். "ரூபன்? அவனுக்குத் தை மாசம் கல்யாணம்டா." தலையசைத்தேன். வரிசையாக ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டே போனாள், கேட்பதை நிறுத்திவிட்டாள், பார்த்தாள், வரிசைக்கு ஒன்றை விட்டு மற்றதுக்கெல்லாம் நான் அசைத்தேன். "நாளைக்கு எப்படிச் சொல்லுவாங்க?" "கூட்டத்துல. உட்கார வெச்சுக் கையெழுத்து வாங்குவாங்க, நாங்களே போறோம்னு." "இதுக்குத்தான் எரிய விடுன்னு சொன்னியா?" அக்கா எழுந்து நாற்காலியைத் திருப்பி மேஜைக்குள் தள்ளினாள், தினமும் தள்ளுகிற மாதிரியே நேராக. சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். பொரிப் பொட்டலத்தை எடுத்து உள்ளே வைத்தாள்.

"வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கக்கா. தெரிஞ்சா என் வேலை" என்றேன். முடிக்க வரவில்லை.

"அந்தாளுகிட்ட ஒரு சீட்டுதான் இருந்துச்சு, அதுல நான் குந்திட்டேன்" என்றாள். "இதுங்க இன்னாடா பண்ணும்? என் ஒருத்திக்கிட்ட சொல்லிட்டு நல்லவனா ஆயிடலாம்னு பாக்காத." குரல் ஏறவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சுவரில் இருந்த இன்டர்காம் அடிக்க ஆரம்பித்தது. ஜெரால்டு சாராகத்தான் இருக்கும். என் விரல் மேஜைக்கு அடியில் ஸ்விட்சின் மேல்தான் இருந்தது, அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை, அது என் விரல் என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அக்கா போனில் யார் பேரையோ தேடிக்கொண்டே நடந்தாள். வாசலில் நின்று ஒரு காலால் செருப்பை இழுத்துப் போட்டுக்கொண்டாள், மற்றக் காலால் மற்றதை.

"அலோ, பிரேமா? எங்க இருக்கற? பஸ் ஏறிட்டியா? இறங்கு. சொல்றேன் இறங்கு. காசு போனாப் போவுது. ரூபன் வண்டியில போறான், அவனுக்கு நீ அடி, மார்த்தாவுக்கு நான் அடிக்கறேன். நாளைக்கு ஒருத்தரும் எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாது. இரு, நான் அங்க வந்து சொல்றேன்."

வாழைக்கன்றை ஒதுக்கிக்கொண்டு வெளியே போனாள். வெயிலில் அவள் குரல் மார்த்தா என்று ஒரு தடவை கேட்டது, பிறகு வேறு ஒரு பேர், பிறகு இன்னொன்று. இன்டர்காம் அடித்துக்கொண்டிருந்தது. கேட்டைத் தாண்டி அவள் செருப்புச் சத்தம் தேய்ந்து, ரோட்டில் போகிற வண்டிச் சத்தத்தோடு சேர்ந்து போய்விட்டது.